பழைய பிக்கப்பின் ஸ்டியரிங் ஆடினால் முதலில் ஓட்டுநரைக் கேளுங்கள்

பழைய பிக்கப் ஒன்று எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன்பே பெரும்பாலும் ஒரு செய்தி வந்துவிடும்: "முன்பக்கம் வைப்ரேஷன். டயர் பேலன்ஸ் பண்ணிடுங்க." அனுப்பியவர் முதலாளி. வண்டியைக் கொண்டுவந்து விடுபவர் ஓட்டுநர். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிடுவார். ஆட்டத்தைத் தன் கையில் உணர்ந்தவர் ஒருவர், அதை எங்களிடம் சொல்பவர் இன்னொருவர். தேவையில்லாத பாகங்களுக்குப் போகும் பணத்தில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் போகிறது.

சிங்கப்பூரில் சரக்கு வாகனம் 20 ஆண்டுகள் வரை சாலையில் ஓடலாம். சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) விலையைப் பார்த்துவிட்டு, இருக்கும் வண்டிக்கே அதைப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் நிறைய. அதனால் பத்து பதினைந்து வயதான ஹைலக்ஸ், நவாரா, எல்200, டி-மேக்ஸ் எல்லாம் இன்றும் துவாஸிலிருந்து சாங்கி வரை உழைத்துக்கொண்டிருக்கின்றன. 10 வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை உண்டு. அங்கே பிரேக்கைச் சோதிக்கிறார்கள், அடிப்பாகத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் விரைவுச்சாலையில் 65, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் என்ன செய்கிறது என்பது அங்கே தெரியப்போவதில்லை. அது தெரிந்தவர் ஓட்டுநர் ஒருவர்தான்.

அவரிடம் நான் கேட்பது மூன்றே கேள்வி. எந்த வேகத்தில் வருகிறது? கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா? அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், பிரேக் மிதித்தீர்களா, ஆக்சிலரேட்டரை அழுத்தினீர்களா, வளைவில் திருப்பினீர்களா? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், வண்டியை ஜாக்கியில் ஏற்றும் முன்பே தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

முதலில் வேகம். பிக்கப் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் உருளும். 70 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு ஒன்பது முறைக்கு மேல் சுற்றுகிறது. ஆகவே சக்கரத்தில் குறை இருந்தால், ஆட்டம் கையால் பிரித்து உணரக்கூடிய வேகத்தில், 'தடதட'வென்று வரும். இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொபெல்லர் ஷாஃப்ட், சக்கரத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. அதில் குறை என்றால் ஆட்டமாகத் தெரியாது. இருக்கையிலும் தரையிலும் 'உர்ர்' என்ற அதிர்வாகத் தெரியும். ஓட்டுநரிடம் "தடதடன்னு வருதா, உர்ருன்னு வருதா?" என்று கேட்டால் போதும், சட்டென்று சொல்லிவிடுவார். அதே வேகத்தில் ஒரு கியர் மாற்றி ஓட்டிப் பார்ப்பதும் உதவும். வண்டியின் வேகம் மாறாமல் இன்ஜின் சுற்று மட்டும் மாறும்போது அதிர்வும் மாறினால் சந்தேகம் இன்ஜின் பக்கம் போக வேண்டும். மாறாவிட்டால் சக்கரத்தின் பக்கம்.

முக்கியமான இன்னொன்று. மொத்த எடை 3,500 கிலோவுக்குள் உள்ள இலகு ரக சரக்கு வண்டிகளுக்கு இங்கே உச்ச வேகம் 70. சக்கரத்தின் பேலன்ஸ் குறை (எடை சுற்றிலும் சமமாக இல்லாதது) வழக்கமாக 80க்கு மேல்தான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும், நம் பிக்கப் அந்த வேகத்துக்குப் போவதே இல்லை. ஆகவே 60, 65லேயே ஸ்டியரிங் ஆடத் தொடங்கிவிட்டால், அதைச் சின்ன விஷயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறை ஏற்கெனவே பெரிதாகியிருக்க வேண்டும், அல்லது எங்கோ ஒரு மூட்டு தளர்ந்திருக்க வேண்டும்.

ஒரு கட்டுமான நிறுவனத்தின் பிக்கப் இப்படித்தான் வந்தது. எங்களிடம் வரும் முன்பே வேறு இடங்களில் இரண்டு முன் டயரும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டான டை ராட் எண்டும் மாற்றி, அலைன்மெண்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தாகிவிட்டது. ஆட்டம் போகவில்லை. ஓட்டுநர் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி, அதிகம் பேசாதவர். எப்போது வருகிறது என்று கேட்டதும், "எல்லா நாளும் வராதுண்ணே. கான்கிரீட் போடுற சைட்டுக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு இருக்கும். நான் நல்லா கழுவி விட்டா குறைஞ்சுடும்" என்றார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், ரிம்மின் உள்பக்கக் குழிவில் சிமெண்ட் கலவை கட்டிப் பிடித்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ரிம் சுத்தம்தான். சைட் வாசலில் சக்கரத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவினாலும் அந்த உள்குழிவுக்கு எல்லா நேரமும் தண்ணீர் போய்ச் சேர்வதில்லை. இதற்கு முன்பு அந்தத் தம்பியிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்தக் கட்டிக்கு எவ்வளவு வலு என்று கணக்குப் பார்க்கலாம். 15 அங்குல ரிம்மில் 30 கிராம் கூடுதலாக ஒட்டியிருந்தால், 70 கி.மீ. வேகத்தில் அது சுமார் 2 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை இழுக்கும், நொடிக்கு ஒன்பது முறை. 100 கிராம் என்றால் ஏறக்குறைய 7 கிலோ. வேகம் இரட்டிப்பானால் இந்த விசை நான்கு மடங்காகும். பேலன்ஸ் செய்யக் கொடுக்கும் முன் ரிம்மின் உள்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கட்டி இருக்கும்போதே பேலன்ஸ் செய்து, எடையைச் சமன்செய்யும் ஈயத் துண்டுகளை ரிம்மில் ஒட்டினால், கட்டி உதிர்ந்த நாளில் ஆட்டம் மறுபடி தொடங்கும்.

அப்புறம் டயர். பேலன்ஸ் இயந்திரம் எடைக் குறையைச் சொல்லும், டயர் வட்டமாக இருக்கிறதா என்பதை எல்லா இயந்திரமும் சொல்லாது. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஒரு பென்சிலை டயருக்கு அருகே அசையாமல் வைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் அந்த டயரையோ ரிம்மையோ சந்தேகிக்க வேண்டும். உள்ளே இருக்கும் எஃகு பெல்ட் பிரிந்த டயரில் ஒரு இடம் மட்டும் புடைத்திருக்கும். குறைந்த வேகத்திலேயே வண்டி அசையும், வாரத்துக்கு வாரம் கூடும். அந்த டயரோடு விரைவுச்சாலைக்குப் போகாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 'DOT' என்று தொடங்கும் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 3516 என்றால் 2016ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (தரையைத் தொடும் பகுதியின் பள்ளங்கள்) ஆழமாக இருக்கிறது என்பதற்காக அவ்வளவு பழைய டயரை நம்ப முடியாது.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் டயரை விட்டுவிடுங்கள், முன் டிஸ்கைப் பாருங்கள். "டிஸ்க் வளைஞ்சுடுச்சு" என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் நடப்பது வேறு. டிஸ்க் உட்காரும் ஹப்பின் (சக்கரத்தின் நடு மையப் பாகம்) முகத்தில் துரு படிந்து, டிஸ்க் இம்மியளவு சாய்ந்து சுற்றுகிறது. ஓடஓட பிரேக் பேட் ஒரே இடத்தில் உரசி, டிஸ்கின் தடிமன் சீரற்றுப்போகிறது. இதில் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசம்கூடக் கையில் தெரியும். துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க் மாட்டினால், சில மாதத்தில் அதே புகாரோடு வண்டி திரும்பி வரும். ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்தால், பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் கேலிப்பர் இறுகியிருக்கலாம். ஓட ஓட ஆட்டம் கூடுவதற்கும் அது காரணமாகலாம்.

என் கவலை அதிகம் மூட்டுகளைப் பற்றித்தான். பேலன்ஸ் குறையால் ஆடும் வண்டி உங்களைச் சோர்வாக்கும். சக்கரத்தைத் தாங்கும் ஆர்மோடு அதை இணைக்கும் மூட்டான பால் ஜாயிண்ட் தேய்ந்து ஆடும் வண்டியில் அந்த மூட்டு கழன்றால் சக்கரம் மடிந்துபோகும். பல பிக்கப், லாரிகளின் பின்னால் ஆட்கள் உட்கார்ந்து வருகிறார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

சோதனை கடினமானதல்ல. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். தளர்வு தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். தளர்வு மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது தளர்வு என்றால் டை ராட் எண்ட் அல்லது ஸ்டியரிங் இணைப்புகள். பழைய மாடல்களில் ஸ்டியரிங் இணைப்பின் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்மையும் விடாமல் பார்க்க வேண்டும். பலர் கோட்டைவிடும் ஓர் இடம் ஜாக்கியை எங்கே வைக்கிறோம் என்பது. ஸ்பிரிங் அல்லது (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கித் தாங்கும் கம்பியான) டார்ஷன் பார் கீழ் ஆர்மில் இருந்தால், ஜாக்கி கீழ் ஆர்முக்கு அடியில் இருக்க வேண்டும். சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) தூக்கினால் ஸ்பிரிங் அந்த மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த ஜாயிண்டும் நல்லதாகவே தெரியும். டை ராட் எண்டைப் பார்க்கச் சக்கரம் தரையில் இருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதாக இடவலமாக ஆட்ட, இன்னொருவர் மூட்டின் மேல் விரல் வைத்தால் தளர்வு 'டக்'கென்று தெரியும். மூட்டு தேய்ந்திருக்கும்போது அலைன்மெண்ட் செய்வது வீண் செலவு. தளர்ந்த மூட்டில் பிடித்த அளவு நிற்காது.

இருக்கையில் தெரியும் அதிர்வுக்குப் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் முனைகளில் மடங்கிச் சுற்றும் மூட்டான யூ-ஜாயிண்ட்டையும், இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடு பேரிங்கையும் பாருங்கள். கழற்றும் முன் அடையாளம் போட வேண்டும். மாற்றி மாட்டினால் புது அதிர்வு வரும். சிக்னலில் நிற்கும்போது மட்டும் குலுங்கினால் அது பெரும்பாலும் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பான இன்ஜின் மவுண்ட்.

முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். வண்டியை அனுப்பும்போது ஓட்டுநரை ஒரு கால் மணி நேரம் எங்களோடு இருக்க விடுங்கள். பழுதைச் சொன்னால் தன் ஓட்டுதலைக் குறை சொல்வார்களோ, தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயந்து பேசாமல் இருக்கும் தம்பிகள் இருக்கிறார்கள். தடுப்பில் இடித்தது, குழியில் இறங்கியது எல்லாம் எங்களுக்கு வேண்டிய தகவல். அதற்காக அவரைத் திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்.

ஓட்டுநர்களுக்கும் சொல்கிறேன். எந்த வேகம், கையா இருக்கையா, பிரேக்கிலா, பாரம் இருக்கும்போதா என்று சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். ஆட்டம் திடீரென்று தொடங்கினாலோ, ஸ்டியரிங் தளர்ந்தது போல இருந்தாலோ, டயரில் புடைப்பு தெரிந்தாலோ ஓரமாக நிறுத்திவிட்டு உடனே ஃபோன் செய்யுங்கள். வேலை தாமதமானால் ஆகட்டும்.

சரிசெய்த பிறகு ஓட்டிப் பார்க்கும்போதும் ஸ்டியரிங்கில் அந்த ஓட்டுநரே இருக்கட்டும், வழக்கமான பாரத்தோடு, வழக்கமான பாதையில். போய்விட்டதா இல்லையா என்று அவர் கைக்குத்தான் தெரியும். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் நட்டுகளை டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), எதிரெதிராக, முறைப்படி இறுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை, வண்டியைக் கொண்டுவந்தால் போதும்.