முடி மழிக்கும் கத்திக்கு வலை ஏன் வெட்டுப்படவில்லை?

நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்குள் கூட்டிப்போகும் ஒரு சுழியோடித் தம்பி, முன்பு என்னிடம் பௌதிகம் படித்தவன், போன கிழமை வீட்டுக்கு வந்து மேசையில் ஒரு கத்தியை வைத்தான். ஒரு சாணுக்கு மேல் நீளம், பளபளப்பு, காலில் கட்ட உறை, எல்லாம் இருந்தது. "சேர், கையில வச்சா முடியை மழிக்குது, அவ்வளவு கூர். அண்டைக்குப் புறாமலைக்கு அங்கால ஒரு தங்கூசி வலை கால்ல மாட்டிச்சு. வெட்டுவம் எண்டு பாத்தா வழுக்கிக்கொண்டே போகுது. கூட வந்தவன்தான் கழட்டி விட்டவன். இது கள்ளச் சாமானோ?"

கத்தி நல்ல கத்திதான். கேள்வி அதை விட நல்லது.

சுழியோடி கத்தி கட்டுவது எதற்கு என்று கேட்டால் பாதிப்பேர் சுறாவுக்கு என்பார்கள். சுறாவுக்கு மன்னார் முத்துக்குளிப்புக் காலத்தில் வேறு ஏற்பாடு இருந்தது: கடல்கட்டி என்று ஒருவர், மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர், வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குப் படியளந்தது. வலையைக் கட்ட மந்திரம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடலடிப் பாறையான பாரில் மாட்டி அறுந்துபோன வலை கிடந்த இடத்திலேயே வருடக்கணக்கில் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும், நைலோன் உக்காது. ஒற்றை நைலோன் இழையால் பின்னிய தங்கூசி வலைக்கு நம் நாட்டில் சட்டப்படி தடை, ஆனாலும் கடலில் அது இல்லாமல் போகவில்லை. அதோடு கண்ணுக்கும் தெரியாது. நைலோனின் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற எண், 1.53 அளவில், நீருடையது 1.33. கரையில் வளிக்கு நடுவே மினுங்குகிற அதே இழை, வித்தியாசம் குறைந்த நீருக்குள் மங்கிப்போகிறது.

மாட்டினால் எவ்வளவு நேரம் இருக்கிறது? 20 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பைப் போல மூன்று மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறவன் அங்கே 60 லீற்றர் செலவழிப்பான். நிறைந்த 12 லீற்றர் சிலிண்டரில் அமுக்கி அடைத்திருப்பது, மேற்பரப்பு அளவில் ஏறத்தாழ 2400 லீற்றர் வளி, ஆக 40 நிமிடம். பதறி மூச்சு இரண்டு மூன்று மடங்கானால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் மாட்டும்போது சிலிண்டர் அரைவாசியாக இருந்திருக்கும். மாட்டினவுடன் அசையாமல் நிற்கவேண்டும், சுற்றித் திரும்பக் கூடாது என்று சுழியோடப் பழக்குகிறவர்கள் சொல்வது இதனால்தான். திரும்பினால் வலை இன்னொரு சுற்றுச் சுற்றும்.

சரி, கத்திக்கு வருவோம். எனக்கு ஆசையான இடம் இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் இராவணன் வெட்டு இருக்கிறதல்லவா, ஒரே வெட்டில் மலை பிளந்தது என்று கதை. பௌதிகம் படிப்பிக்கிறவனாக எனக்கு அந்தக் கதையில் பெரிய ஆட்சேபம் இல்லை. மலை நகராது. வாள் கீழே அமத்துகிறது, மலை அதே அளவு மேலே தள்ளுகிறது. தாக்கமும் மறுதாக்கமும், சாதாரண தரப் பாடம். குசினியில் பலகை செய்வதும் அந்த வேலையைத்தான். இப்போது அதே இராவணனைக் கடலில் மிதக்கவிட்டு, முன்னால் தளர்ந்து தொங்கும் ஒரு தங்கூசி இழையைக் கொடுத்துப் பாருங்கள். அவன் தள்ளினால் இழை ஒதுங்கும், இழுத்தால் அவனே இழையை நோக்கிப் போவான். நீரில் சமநிலையாக மிதக்கிற சுழியோடிக்குக் காலூன்ற இடமில்லை. மறுதாக்கம் கொடுக்க ஆளே இல்லாத இடத்தில் எந்தக் கூரும் வெட்டாது.

அப்படியானால் மறுதாக்கத்தை எங்கிருந்து எடுப்பது? அருவாமணையில் அம்மா மீன் வெட்டுவதை நினைத்துப் பாருங்கள். அலகு ஓரிடத்தில் நிற்கிறது, மீனை இரண்டு கையாலும் இருபுறமும் பிடித்து அலகின் மேல் இழுக்கிறார். அதையே தலைகீழாகச் செய்யவேண்டும்: இடக்கையால் இழையைச் சேர்த்துப் பிடித்து, அது மாட்டியிருக்கிற இடத்திலிருந்து விறைக்க இழுத்து, விறைத்த இடத்தில் அலகை வைத்து அறுக்கவேண்டும். இழையின் ஒரு முனை உங்கள் கால் துடுப்பிலோ சிலிண்டர் வால்விலோ மாட்டியிருக்கும், மறுமுனை உங்கள் கையில். விசை எல்லாம் உங்கள் உடம்புக்குள்ளேயே ஒரு சுற்றாக முடிகிறது, கடல் உதவி செய்யத் தேவையில்லை.

விறைப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. வீட்டில் ஒரு றப்பர் பாண்டைத் தளர்வாக மேசையில் போட்டுப் பிளேட்டால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், கீறல் விழும், அவ்வளவுதான். அதையே நன்றாக இழுத்துப் பிடித்துத் தொட்டால் 'டப்' என்று தானாகப் போய்விடும். இழுத்தபோது நீங்கள் உள்ளே சேமித்த சக்தி, கீறலின் நுனியில் வந்து குவிந்து, கீறலைத் தானே திறந்துகொண்டு போகிறது. 1921இல் கிரிஃபித் என்ற பொறியியலாளர் கண்ணாடி ஏன் உடைகிறது என்று ஆராய்ந்தபோது எழுதிய கணக்கு இது: வெடிப்பு நீளும்போது விடுபடும் சக்தி, புது மேற்பரப்பு உண்டாக்கத் தேவையான சக்தியை மிஞ்சினால் வெடிப்பு ஓடும். நைலோன் அறுமுன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை நீளக்கூடியது, அதனால் விறைத்த தங்கூசிக்குள் நிறையச் சக்தி இருக்கும். கத்தி தொடக்கி வைத்தால் போதும். தளர்ந்த இழையில் சேமிப்பு இல்லை, முழுச் செலவும் உங்கள் கையினுடையது.

தம்பியின் கத்தி முடியை மழித்ததும் இதே காரணத்தால்தான். முடி ஒரு பக்கம் தோலில் வேரூன்றி நிற்கிறது, கத்திக்கு முகம் கொடுக்கிறது.

ஆனால் வழுக்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவன் கத்தியை மிக மெல்லிய கல்லில் தீட்டித் தீட்டிக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தான். நைலோன் ஏற்கெனவே வழுவழுப்பு, ஈரமானால் கேட்கவேண்டாம். அதற்குச் சொரசொரப்பு எண் 400 போன்ற கரட்டுக் கல்லில் தீட்டி அப்படியே விட்ட விளிம்புதான் நல்லது. பார்வைக்கு நேராக இருந்தாலும் உருப்பெருக்கியில் அது சின்ன வாள்பல் வரிசை. ஒவ்வொரு பல்லும் ஒரு புள்ளியில் அமத்துவதால் அமுக்கம் கூடும், பல்லிடை இழையை ஓடவிடாது. கடையில் விற்கும் பல்வைத்த கத்தி இதன் பெரிய வடிவம். பல இழை முறுக்கிய நைலோன் கயிற்றுக்கு அதுதான் சரி.

தீட்டும்போது ஒரு பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை. கோணம் சரியா என்று தெரிய, விளிம்பில் மாக்கர் பேனாவால் பூசி இரண்டு தரம் கல்லில் இழுங்கள், மை எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். முதுகுப் பக்கம்தான் போயிருந்தால் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கவேண்டும். ஒரு பக்கம் முழுதும் விளிம்பில் மடிந்து நிற்கும் மெல்லிய உலோகப் பிசிறு பெருவிரலுக்குத் தட்டுப்படும்வரை இழுத்து, மறுபக்கம் திருப்பி, கடைசியில் மெல்ல மாறிமாறி இழுத்துப் பிசிறை எடுத்துவிட்டு நிறுத்திவிடுங்கள். சோதிப்பதைக் கையில் சோதிக்காதீர்கள். பழைய தங்கூசித் துண்டொன்றின் நுனியில் ஈயக்குண்டு கட்டி, நனைத்துத் தொங்கவிட்டு வெட்டுங்கள்.

கடல் இந்தக் கூரை விட்டுவைக்காது. துருப்பிடியா உருக்கைக் காப்பது அதிலுள்ள குரோமியம் உண்டாக்கும் சில நானோமீற்றர் தடிப்பான ஒட்சைட்டுத் தோல். உப்பின் குளோரைட்டு அதை அங்கங்கே துளைக்கும். அலகின் பக்கத்தில் ஒரு மைக்ரோமீற்றர் அரிப்பு விழுந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கூர்நுனியே மொத்தமாக அந்த அளவுதான். ஆகவே கத்தி பளபளவென்று இருக்கும்போதே கூர் போய்விடும். தைத்தேனியம் துருப்பிடிக்காது, ஆனால் மெது, கூர் சீக்கிரம் மழுங்கும். காபனுக்குப் பதிலாக நைதரசன் சேர்த்த உருக்குகள் நல்லவை, விலைதான் கடிக்கும். எதுவானாலும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசினால் போதும்.

ஆயுத பூசைக்குக் கத்தியில் தேசிக்காய் குத்தி இரவு முழுக்க விடுகிறவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், துருப்பிடியா உருக்கின் தோலைப் பலப்படுத்தத் தொழிற்சாலைகளிலும் தேசிக்காயிலுள்ள அதே சித்திரிக்கமிலம் பயன்படுகிறது, அளவாக, கழுவிய உருக்கில், குறித்த நேரத்துக்கு. காபன் உருக்குக் கத்தியில் இரவு முழுக்க விட்டால் காலையில் கறுத்திருக்கும். பூசை செய்யுங்கள், பிறகு கழுவுங்கள். நீலப் பொருளாதாரம், அதாவது கடல்வளப் பொருளாதாரம், என்று மாநாடு வைக்கக் காசு இருக்கிற நாட்டில், நம் கடலில் கிடக்கிற வலைகளை எந்தக் கத்தி எத்தனை இழுப்பில் வெட்டுகிறது என்று ஒரு தொட்டி வைத்துச் சோதிக்க யாராவது காசு கொடுத்தால் நன்றாக இருக்கும். ஒரு மாநாட்டின் தேநீர்ச் செலவுக்குள் அடங்கும்.

தம்பிக்கு நான் சொன்னது கத்தரி. விபத்தில் காயப்பட்டவரின் உடுப்பை வெட்டத் தாதிமார் வைத்திருப்பார்களே, முனை மொட்டையான வளைந்த கத்தரி, அது. ஒரு அலகு தள்ளுகிறது, மற்ற அலகு எதிரே தள்ளுகிறது. தாக்கமும் மறுதாக்கமும் ஒரே ஆணியில். விறைக்கப் பிடிக்க மறுகை இல்லாவிட்டாலும் வெட்டும், தன் வளிக்குழாயைத் தானே குத்திக்கொள்கிற பயமும் இல்லை. காலில் கட்டவேண்டாம் என்றும் சொன்னேன். வலை முதலில் மாட்டுவதே அங்கேதான், குனிந்தால் பின்னாலுள்ள வால்வும் சேர்ந்து மாட்டும். நெஞ்சு வாரில், எந்தக் கையாலும் எட்டுகிற இடத்தில் இருக்கவேண்டும்.

அப்படியே மாட்டியிருக்கிறான், கூடவே ஒரு சின்னப் பல்கத்தியும். பெரிய கத்தி அவன் வீட்டில் பிலாக்காய் பிளக்கிறதாம், அருமையாகப் பிளக்கிறதாம். ஒவ்வொரு தரமும் தேங்காய் எண்ணெய் பூசுகிறார்கள், நான் சொன்னதற்காக அல்ல, பால் ஒட்டாமலிருக்க.