நிலத்துக்குள் தண்ணீர்த் தாங்கியா? மாரியில் மிதக்காமல் கட்டுங்கள்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் நிலத்துக்குள் கொங்கிறீட் தாங்கி வைக்கும்போது, ஒழுகுமா என்றுதான் மேசனிடம் கேட்பார்கள். மிதக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. கடற்கரை மணலில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

கணக்கைப் பாருங்கள். உள்ளளவு 2 மீற்றர் நீளம், 1.5 அகலம், 1.5 ஆழம் என்றால் 4,500 லீற்றர் பிடிக்கும். சுவரும் அடித்தளமும் 150 மில்லிமீற்றர், மேல்தட்டு 100 மில்லிமீற்றர் போட்டால் கொங்கிறீட்டின் எடை ஏறத்தாழ 6.6 தொன். கார்த்திகை, மார்கழி மழையில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை வந்துவிட்டால், அது மேலே தள்ளும் விசை 7.2 தொன். வெறுந்தாங்கி எழும்பத்தான் செய்யும். ஒரு விரற்கடை எழும்பினாலே போதும், குழாய் மூட்டு உடைந்து கலங்கல் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

இதற்குப் பரிகாரம் அடித்தளத்தில் இருக்கிறது. தடிப்பை 200 மில்லிமீற்றராக்கி, சுவருக்கு வெளியே நாலு பக்கமும் 300 மில்லிமீற்றர் நீட்டிப் போடுங்கள். அந்த விளிம்பில் ஏறி நிற்கும் மணல், தண்ணீரில் மூழ்கிய நிலையிலும் சுமார் 4 தொன் பாரம் தரும். கூடுதல் செலவு சில மூடை சீமெந்தும் கொஞ்சம் கம்பியும்தான். மலசலகூடத் தொட்டிக்கும் இதே கணக்குத்தான்: கொட்டும் மாரியில் பவுசர் பிடித்து அடிவரை உறிஞ்சி எடுக்காதீர்கள். தண்ணீர்த் தாங்கியைக் கழுவுவதானால் ஆவணியிலேயே கழுவி நிரப்பிவிடுங்கள். பாறை மேட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாறையில் வெட்டிய குழி மழைநீரை வடியவிடாமல் பிடித்துவைக்கும், தாங்கி அங்கேயும் எழும்பலாம்.

குழி வெட்ட ஆடி, ஆவணிதான் காலம். மணல் சரியும் என்பதால் பக்கங்களைச் சாய்வாக வெட்டுங்கள். ஊற்று வந்தால் குழியின் ஒரு மூலையில் சிறு கிடங்கு தோண்டி, அதிலிருந்து மோட்டரால் இறையுங்கள். இரவில் மோட்டரை நிறுத்திவிடுவது வழக்கமான பிழை. அடித்தளம் இறுகுமுன் கீழிருந்து ஏறும் நீர் சீமெந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். அடியில் சீமெந்து குறைத்த கொங்கிறீட் 75 மில்லிமீற்றர், அதன்மேல் பொலித்தீன், பிறகுதான் கம்பி.

சீமெந்து, மணல், சல்லிக்கல் கலவை 1:1½:3. ஆற்று மணல் மட்டும். கடல் மணலும் உவர்க்கிணற்றுத் தண்ணீரும் கம்பியைத் துருவாக்கி, சில வருடங்களில் கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும். உப்புக்காற்றுப் படும் இடமென்பதால் கம்பிக்கு வெளியே 50 மில்லிமீற்றர் கொங்கிறீட் மூடியிருக்க வேண்டும். அடித்தளமும் சுவரும் சேரும் மூட்டில் நீர்த்தடுப்புப் பட்டி வைக்காவிட்டால், எவ்வளவு பூசினாலும் ஒழுக்கு அங்கேதான் தொடங்கும். பிவிசி குழாயைக் கொங்கிறீட் பிடிக்காது. சுவருக்குள் போகும் பகுதியில் பிவிசி பசை தடவி, மணல் தூவிக் காயவிட்டுப் பதியுங்கள்.

குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொங்கிறீட் பலம் பிடித்த பிறகு, மண் மூடுவதற்கு முன்பே தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் ஊறவிட்டு, நீர்மட்டத்தைச் சுவரில் குறித்து 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மூடிய பிறகு ஒழுக்கைத் தேடுவது பெரும்பாடு. தாங்கி நிறைந்திருக்கும்போதே மண்ணை நாலு பக்கமும் சமமாக, 200 மில்லிமீற்றர் அடுக்கடுக்காக இடித்து நிரப்புங்கள்.

வாயைத் தரைக்கு மேல் 150 மில்லிமீற்றர் உயர்த்தி, பூட்டுப் போடும் மூடி வையுங்கள். வழிகுழாயிலும் காற்றுக்குழாயிலும் நுளம்பு புகாதபடி நுண்வலை கட்டுங்கள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பல உயிர்களை எடுத்ததை நாம் மறக்கக்கூடாது.

கொங்கிறீட் வார்க்க அடித்த பலகையைக் கழற்றவோ தாங்கியைக் கழுவவோ ஆள் இறங்குவதானால், மூடியை முந்தைய நாளே திறந்து, காற்றாடி வைத்துக் காற்று ஊதுங்கள். ஈரப்பலகை அழுகிக்கிடக்கும் அடைபட்ட தொட்டியில் உயிர்க்காற்று குறைந்துபோயிருக்கும். பெற்றோல் மோட்டரை உள்ளே இறக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயு மணமில்லாமல் கொல்லும். இறங்குகிறவரின் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். அவர் மயங்கினால் பின்னால் யாரும் குதிக்காமல் கயிற்றால் இழுத்தெடுங்கள்.