20 வருஷமாக நிரம்பாத செப்டிக் டேங்க்

கிணற்றுத் தண்ணீரில் மலக்கிருமி இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்த பிறகும் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார்: "எங்க டேங்க்கா? கட்டி 20 வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூட நிரம்பலை." இதையே இன்னும் எத்தனை வீட்டில் கேட்பது!

ஒரு கணக்குப் போடுங்கள். வீட்டில் 5 பேர். கழிவறைக்கு மட்டும் ஆளுக்கு 30 லிட்டர் என்று வைத்தாலும் நாளுக்கு 150 லிட்டர். 3,000 லிட்டர் டேங்க் 20 நாளில் நிரம்பியாக வேண்டும். அதற்குப் பிறகு, வெளியேறும் குழாயின் மட்டம் வரை எப்போதும் நிரம்பித்தான் நிற்க வேண்டும். 150 லிட்டர் உள்ளே வந்தால் 150 லிட்டர் வெளியே போகும். மூடியைத் திறந்தால் தண்ணீர் அந்த மட்டத்துக்கு வெகு கீழே கிடக்கிறதா? டேங்க் ஒழுகுகிறது. பல இடங்களில் அடியில் கான்கிரீட்டே இருக்காது. வெறும் உறை இறக்கிய குழிக்கு செப்டிக் டேங்க் என்று பெயர். 20 வருஷக் கழிவுநீரும் மண்ணுக்குள்தான் போயிருக்கிறது. (இரட்டை உறிஞ்சு குழி வேறு சங்கதி. அது ஊறுவதற்கென்றே கட்டுவது. கிணற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.)

சந்தேகம் இருந்தால் அடியில் படிந்த கசடு எடுத்த கையோடு வெளியேறும் குழாய் வரை நல்ல தண்ணீர் நிரப்புங்கள். முதல் நாள் சுவர் கொஞ்சம் குடிக்கும். மறுநாள் மட்டத்தைச் சரிசெய்து, கோடு போட்டு, 24 மணி நேரம் கழிவறையைப் பயன்படுத்தாமல் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கினால் பூச்சு வேலை இருக்கிறது.

நிரம்பி நிற்கும் டேங்க்கில் பார்க்க வேண்டியது கசட்டின் உயரம். நீளமான கம்பின் அடிப்பகுதியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, முதல் அறையில் தரை தட்டும்வரை மெல்ல இறக்குங்கள். சில நிமிடம் கழித்துத் தூக்கினால் கசடு ஒட்டிய இடம் கறுத்திருக்கும். தண்ணீரின் ஆழம் 150 செ.மீ. என்றால் கறுப்பு 50 செ.மீ.யைத் தொடும் முன்பே கசடு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். சாதாரணமாக 2, 3 வருஷத்துக்கு ஒருமுறை வரும். கசடு மக்குவதற்கென்று பாக்கெட் பவுடர், சாணக் கரைசல் எதுவும் தேவையில்லை. வேண்டிய பாக்டீரியா மலத்தோடு தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

20, 30 வீடுகளுக்குப் பொதுவான டேங்க்கும், அதிலிருந்து வரும் தண்ணீரை வடிகட்டும் ஜல்லிப் படுகையும் உள்ள ஊரில் கசடு எடுக்காத சோம்பல் இன்னும் செலவு வைக்கும். டேங்க்கைத் தாண்டி வரும் கசடு ஜல்லியின் இடுக்குகளை அடைத்துவிடும். தண்ணீர் மேலே தேங்கும். பிறகு, நுழைவுப் பக்கத்து ஜல்லியை அள்ளிக் கழுவிப் போடுவதைத் தவிர வழியில்லை. மழைநீர்க் குழாயை டேங்க்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஒரு பெருமழை போதும், அடியில் படிந்ததைக் கிளப்பித் தள்ளிவிட.

டேங்க்கைத் தாண்டி வரும் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி சாகவில்லை. தெரு வாய்க்காலில் விடாதீர்கள்.

கடைசியாக, கையெடுத்துக் கேட்கிறேன்: எதற்காகவும் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மூடியைத் திறந்துவைத்தால் விஷவாயு போய்விடும் என்று நம்பாதீர்கள்; கசட்டைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்பைடு புதிதாகக் கிளம்பும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது அதைவிட ஆபத்து, உள்ளே மீத்தேனும் இருக்கிறது. ஒருவர் விழுந்துவிட்டால் தூக்க இன்னொருவர் குதிக்க வேண்டாம், தீயணைப்புத் துறையை அழையுங்கள். இரண்டாவது சாவு பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.