நிமிர்த்துவது இடுப்பு, வளையாமல் நிற்பது முதுகு

இரு முனைகளிலும் எடைத்தட்டுகள் மாட்டிய கம்பியே பார்பெல், சுருக்கமாக 'பார்'; தரையில் கிடக்கும் அதைக் குனிந்து பிடித்து நிமிர்வதே டெட்லிஃப்ட் என்னும் பயிற்சி. 'முதுகை வளைக்காதே' என்பது இதற்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை. அது சரியானதுதான் என்றாலும், சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால்தான் அதன் பொருள் முழுமையாக விளங்கும்.

முன்னால் சாய்ந்த உடலை ஒரு நெம்புகோலாகவும், கீழ்முதுகின் மூட்டை அதன் சுழல்மையமாகவும் கொள்வோம். 60 கிலோ எடையுள்ள பார் அந்த மையத்துக்கு 30 செ.மீ. முன்னால் தொங்குகிறது; அதைச் சமன் செய்யும் முதுகுத் தசைகளோ மையத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 6 செ.மீ. தொலைவில்தான் இழுக்கின்றன. ஆகவே அவை ஐந்து மடங்கு விசையை, அதாவது 300 கிலோ எடைக்கு நிகரான விசையைத் தந்தாக வேண்டும். மேலுடலின் எடை இதில் சேரவில்லை. பார் இன்னும் 10 செ.மீ. விலகினால் 300 என்பது 400 ஆகிவிடும். முதுகின் வடிவத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர் இந்தத் தொலைவைக் கவனிப்பதில்லை. பார் காலை உரசிக்கொண்டே மேலேற வேண்டும் என்பது அழகுக்காகச் சொல்லப்படுவதன்று.

தசைகள் இழுக்கும் அந்த விசை முழுவதும் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது. அவற்றுக்கு இடையிலுள்ள வட்டுகளின் நடுவில் கூழ் போன்ற பகுதியும், அதைச் சுற்றி அடுக்கடுக்கான நார் வளையங்களும் உள்ளன. முதுகு கூன்போல் வளையும்போது வட்டின் முன்பக்கம் நசுங்க, பின்பக்க நார்கள் இழுபட, கூழ் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. நரம்புகள் இருப்பதும் அந்தப் பக்கம்தான். ஆய்வகத்தில் பன்றிகளின் முள்ளெலும்புகளை அழுத்தத்தின்கீழ் ஆயிரக்கணக்கான முறை வளைத்தபோது வட்டுகள் பிதுங்கின. உயிருள்ள உடலோ ஓய்வில் தன்னைச் செப்பனிட்டுக்கொண்டு பளுவுக்குப் பழகவும் செய்யும் என்பதால், வளைந்த முதுகோடு தூக்குகிற எல்லோருக்கும் காயம் நேர்வதில்லை. முதுகு எல்லை வரை வளைந்துவிட்டால் தசைகள் பெருமளவு தளர்ந்து, பளு இணைப்புநார்களின் மீது விழுகிறது. எடை கூடக்கூடத் தவிர்க்க வேண்டியது இந்த நிலையையே.

'நேரான முதுகு' என்பது அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருப்பதன்று. கீழ்முதுகுக்கு இயல்பாகவே உள்வளைவு உண்டு. பார்வைக்கு நேராகத் தோன்றும் முதுகும் அளந்து பார்த்தால் குனியும்போது ஓரளவு வளைந்தே இருக்கிறது. தொடக்கத்தில் இருந்த வடிவம் பளு ஏறிய பிறகும் பெரிதாக மாறாமல் இருப்பதுதான் முக்கியம். அசைவு இடுப்பு மூட்டில் நிகழ வேண்டும்: பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து, பிட்டத் தசைகளாலும் பின்தொடைத் தசைகளாலும் நிமிர வேண்டும். பின்தொடைத் தசைகள் இடுப்பெலும்பின் அடியில் தொடங்குவதால், அவை இறுக்கமாக உள்ளவர் ஓர் அளவுக்கு மேல் குனிந்தால் இடுப்பெலும்பு உள்ளே மடங்கி, கீழ்முதுகையும் கூடவே வளைத்துவிடும். 45 செ.மீ. விட்டமுள்ள தட்டுகள் மாட்டிய பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும், அந்த ஆழம் எட்டாதவர் முதுகோடு போராடுவதைவிடக் கட்டைகளின் மேல் பாரை உயர்த்திக்கொள்வதே அறிவுடைமை.

மூச்சை ஆழமாக இழுத்து வயிற்றைச் சுற்றிலும் இறுக்கினால், உள்ளே உயரும் அழுத்தம் முதுகெலும்பை முன்புறத்திலிருந்து உறுதிப்படுத்துகிறது. பளு தூக்குவோர் இடுப்பைச் சுற்றிக் கட்டும் இடைவாரும் (பெல்ட்) இதற்கே உதவுகிறது. வயிறு எதிர்த்துத் தள்ளுவதற்கு அது ஒரு சுவராக அமைகிறது, முதுகுக்கு முட்டுக் கொடுப்பதில்லை. மூச்சை அடக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்பதால், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரவு முழுவதும் படுத்திருக்கையில் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிவிடுவதால், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் அதே குனிதல் அவற்றின் பின்பக்க நார்களை மாலையைவிட அதிகமாக இழுக்கும். கனமான பளுவை அந்த நேரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.