"உங்க பியானோ டைட்டா இருக்கு மிஸ்"

போன சனிக்கிழமை காலை கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா, பத்து வயதுப் பையனை அழைத்துக்கொண்டு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். இரண்டரை வருடமாக ஆன்லைனில் பியானோ படிக்கிறானாம். இரண்டு மாதத்தில் கிரேடு 2 தேர்வு. "நேர்ல ஒரு பத்து கிளாஸ் எடுத்து சரி பண்ணிக் குடுங்க மிஸ்" என்றார். பையன் என் அப்ரைட் பியானோ முன்னால் உட்கார்ந்து வாசித்தான். முதல் வரியில் பாதி ஸ்வரங்கள் கேட்கவே இல்லை. இடது கை சுண்டுவிரல் பியானோவின் கட்டை (கீ) மேல் படுகிறது, கட்டை லேசாக இறங்குகிறது, சத்தம் வரவில்லை. இரண்டாவது வரியில் தோளைத் தூக்கி, மணிக்கட்டை இறுக்கிக் குத்த ஆரம்பித்தான். மூன்றாவது வரியில் கையை எடுத்து உதறினான். வலிக்கிறதாம்.

அம்மா சொன்னார்: "வீட்டுல நல்லா வாசிப்பான் மிஸ். உங்க பியானோ டைட்டா இருக்கு."

இந்த வாக்கியத்தை இந்த வருடத்தில் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். என் பியானோ டைட்டாக இல்லை. போன மாதம்தான் சுருதி சேர்க்கும் ட்யூனர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பியானோவின் கட்டை அப்படித்தான் இருக்கும். பையன் வீட்டில் வாசிப்பது பியானோ இல்லை, 61 கட்டை கீபோர்டு. இதை இரண்டரை வருடத்தில் யாரும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

"ரெண்டுலயும் வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை ஒரே மாதிரிதானே இருக்கு?" என்பார்கள். வீணையிலும் கம்பி இருக்கிறது, கிட்டாரிலும் கம்பி இருக்கிறது. வீணை வகுப்பில் சேர்த்துவிட்டு வீட்டில் கிட்டார் வாங்கி வைப்பீர்களா?

பொறுமையாகவே விளக்குகிறேன். பியானோவின் கட்டை ஒரு நெம்புகோல். அதன் மறுமுனையில் கம்பளி சுற்றிய ஒரு சுத்தியல் இருக்கிறது. நீங்கள் கட்டையை அழுத்தினால் அந்தச் சுத்தியல் கம்பியை நோக்கி வீசப்படும். கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது விரலின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். அதனால் சத்தம் பெரிதா சிறிதா என்பதைச் சுத்தியலுக்கு நீங்கள் கொடுத்த வேகம் முடிவு செய்கிறது. மிக மெதுவாக அழுத்தினால் சுத்தியல் கம்பி வரை போகாது, சத்தமே வராது. அந்தப் பையனின் சுண்டுவிரலுக்கு நடந்தது இதுதான். கட்டையை இறக்கத் தோராயமாக 50 கிராம் எடை வேண்டும், அது இறங்கும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். கேட்டால் ஒன்றுமில்லாத அளவாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு பக்கம் வாசிப்பதற்குள் அந்த 50 கிராமைச் சில நூறு தடவை, பத்து விரலாலும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வேகத்தில் இறக்க வேண்டும். விரல் இதைப் பழக வருடங்கள் ஆகும்.

சாதாரண கீபோர்டில் கட்டைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் தொடுப்பு, அவ்வளவுதான். தொட்டால் சத்தம். இதில் இன்னொரு விஷயம், ஆசிரியர்களே பலர் கவனிப்பதில்லை: ஸ்பிரிங் கட்டை ஆழம் போகப்போக இறுகும். பியானோ கட்டை தொடக்கத்தில்தான் கனமாக இருக்கும், நகர ஆரம்பித்ததும் இளகிவிடும். இரண்டும் நேர் எதிர். ஒன்றில் பழகிய விரலுக்கு மற்றதில் எங்கே பலம் கொடுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது தலைகீழாகத்தான் தெரியும்.

1700-ஐ ஒட்டி இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி இந்த வாத்தியத்தைச் செய்ததே இதற்காகத்தான். அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்டில் எப்படி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவு. விரலாலேயே மென்மையாகவும் உரக்கவும் வாசிக்க வேண்டும் என்று அவர் சுத்தியலைக் கொண்டுவந்தார். பியானோ, ஃபோர்தே என்ற அந்த இரண்டு சொற்களே வாத்தியத்துக்குப் பெயரும் ஆயின. சத்தம் ஒரே அளவில் வரும் கீபோர்டை வாங்கிக் கொடுத்து 'பியானோ படி' என்றால் குழந்தையை 1700-க்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்கிறோம் என்று அர்த்தம்.

கீபோர்டைத் தாழ்த்திப் பேசவில்லை. அது தனி வாத்தியம், அதற்கென்று தனி வித்தை இருக்கிறது. மெல்லிசைக் குழுவிலும் கோவில் பாடகர் குழுவிலும் கீபோர்டு வாசிப்பவர்கள் செய்வதை என்னால் செய்ய முடியாது. இடது கையில் கார்டு (பல ஸ்வரங்களை ஒன்றாகச் சேர்த்து அழுத்துவது), அந்த நொடியில் ரிதம் மாற்றம், பாடுகிறவருக்குத் தகுந்தபடி சுருதி மாற்றம் என்று அந்த வேலையே வேறு. ட்ரினிடி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வுகளில் பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறு பாடத்திட்டம். உங்கள் பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அதைப் படிக்கட்டும். கீபோர்டு வைத்திருந்தால் கீபோர்டு வகுப்பில் சேருங்கள், சந்தோஷமாக வாசிக்கட்டும். கீபோர்டில் பியானோ படிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

கடையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். "டச் சென்சிடிவ் இருக்கு மேடம், பியானோ மாதிரிதான்" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். டச் சென்சிடிவ் என்றால் வேகமாகத் தட்டினால் சத்தம் கூடும், அவ்வளவுதான். கட்டைக்குக் கனம் வந்துவிடாது. முழுக் கனமும் சுத்தியல் அமைப்பும் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நீங்கள் தேட வேண்டிய வார்த்தைகள் 'ஃபுல்லி வெயிட்டட்', 'ஹேமர் ஆக்‌ஷன்'. 'செமி வெயிட்டட்' என்று போட்டிருந்தால் அது ஸ்பிரிங்தான்.

அப்புறம் இந்த 61-ஆ 88-ஆ என்ற கவலை. எனக்கு வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான். பியானோவில் 88 கட்டைகள், 52 வெள்ளை, 36 கறுப்பு, சரி. ஆனால் ஆரம்ப கிரேடு பாட்டுகள் பெரும்பாலும் ஐந்து ஆக்டேவுக்குள் (ஸ்தாயிக்குள்) அடங்கிவிடும், 61 கட்டையிலேயே எட்டும். எண்ணிக்கையால் வரும் பிரச்சினையைவிட கனத்தால் வரும் பிரச்சினைதான் பெரிது. லாஸ்பேட்டையிலிருந்து வந்த ஓர் அப்பா, 88 இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, 14 ஆயிரம் ரூபாய்க்கு ஒன்றை இணையத்தில் வாங்கிவிட்டு என்னிடம் பெருமையாகக் காட்டினார். கட்டை ஒவ்வொன்றும் காகிதம் மாதிரி. அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு அன்று மனமே வரவில்லை. சொன்னேன். வாங்கும் முன் கேட்டிருக்கலாமே என்பதுதான் என் வருத்தம்.

கடைக்குப் போனால், மின்சாரத்தைப் போடாமலேயே கட்டையை அழுத்திப் பாருங்கள். கீழ்ஸ்தாயிக் கட்டை மேல்ஸ்தாயிக் கட்டையைவிடச் சற்றுக் கனமாகத் தெரிந்தால் நல்லது, நிஜப் பியானோவில் கீழ்ஸ்தாயிச் சுத்தியல்கள் பெரிது. பிறகு போட்டுக் கேளுங்கள். ஒரே கட்டையில் கேட்டும் கேட்காத மாதிரி ஒரு சத்தம், அறை நிறைய ஒரு சத்தம், இடையில் நாலைந்து அளவு வர வேண்டும். பெடல் சேர்த்துக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். யமஹா, கேசியோ, ரோலண்ட் மூன்றிலும் தொடக்க நிலை டிஜிட்டல் பியானோக்கள் (மின்சாரத்தில் ஓடினாலும் கட்டைக்குப் பியானோ மாதிரி கனம் உள்ளவை) இருக்கின்றன. எந்தக் கடையிடமும் நான் கமிஷன் வாங்குவதில்லை. எதை வாங்கினாலும் சரி, கனம் இருக்கட்டும்.

பழைய அப்ரைட் பியானோ சல்லிசாகக் கிடைக்கிறது என்று ஓடாதீர்கள். ஒயிட் டவுன் பக்கம் வீடு காலி செய்பவர்கள் அவ்வப்போது விற்பார்கள். நம் ஊர் கடற்காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், கட்டைகள் ஊதி ஒட்டிக்கொள்ளும், கம்பளியைப் பூச்சி அரிக்கும். கம்பிகளின் இழுவிசை எல்லாம் சேர்த்து 15 டன்னுக்கு மேல். அதைத் தாங்குவது இரும்புச் சட்டம், ஆனால் கம்பிகளை முறுக்கும் ஆணிகளைப் பிடித்திருக்கும் மரப்பலகை விரிசல் விட்டிருந்தால் எந்த ட்யூனராலும் ஒன்றும் செய்ய முடியாது. ட்யூனர் வந்து பார்க்காமல் ஒரு ரூபாய் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். வாங்கினால் வருடத்துக்கு இரண்டு முறை ட்யூனிங். எனக்கு அவர் சென்னையிலிருந்து வர வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

இனி ஆன்லைன் வகுப்பு. ஆன்லைன் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். என் மாணவர்களில் பாதிப் பேர் கடலூர், நெல்லிக்குப்பம், நெய்வேலி. வாராவாரம் ஒரு குழந்தையைப் பேருந்தில் ஏற்றி இங்கே கொண்டுவர முடியாது என்று எனக்கும் தெரியும். மூன்று வாரம் ஆன்லைன், நான்காவது வாரம் நேரில் என்று வைத்திருக்கிறேன். அந்த நான்காவது வாரத்தைத் தவிர்க்கிறவர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மணிக்கட்டு இறுகியிருக்கிறதா என்பதைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். திரையில் தெரியாது.

திரையில் தெரிய வேண்டியதுகூடத் தெரிவதில்லை. நான் பார்ப்பது பெரும்பாலும் குழந்தையின் நெற்றியும் மின்விசிறியும். போனைப் பக்கவாட்டில், முழங்கை உயரத்தில், ஸ்டாண்டில் வையுங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் நான்கும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அம்மா கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், பத்து நிமிடத்தில் கை தளர்ந்துவிடும். இன்னொன்று, ஜூம் நீண்ட ஸ்வரங்களை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். அதில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். போடாதவரை உங்கள் குழந்தை பிடித்து வாசித்ததா, விட்டு வாசித்ததா என்று எனக்கு இங்கே கேட்காது. சத்தம் இங்கே வந்து சேரத் தாமதமாவதால் நான் கூடவே வாசிக்கவோ தாளம் போடவோ முடியாது. அதனால்தான் மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) உங்கள் பக்கம் ஓட வேண்டும் என்கிறேன்.

கட்டிலின் மேல் கீபோர்டு வேண்டாம். ஆர்மோனியம் மாதிரி தரையில் வைத்துச் சம்மணம் போட்டு உட்காருவதும் வேண்டாம். பாட்டிமார்களுக்கு அது அழகாகத் தெரிகிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படி உட்கார்ந்தால் மணிக்கட்டு மடங்கிவிடும். முழங்கை கட்டையின் மட்டத்தில் இருக்க வேண்டும். கால் எட்டாத குழந்தைக்கு ஒரு மணையை எடுத்துப் போடுங்கள், போதும். கட்டை மேல் ஒட்டிய எழுத்து ஸ்டிக்கர்களை இன்றே உரித்துவிடுங்கள்.

வலி என்றால் நிறுத்த வேண்டும். "பழகப் பழகச் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். விரலுக்குப் பலம் வர ஸ்பிரிங் வைத்த ஒரு கைக்கருவி விற்கிறார்கள், அதையும் வாங்காதீர்கள். இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் வலது கை விரல் இருபது வயதை ஒட்டியே கெட்டுப்போனது, அவர் பியானோ கலைஞராகும் ஆசையையே விட வேண்டியிருந்தது. விரல் பயிற்சிக் கருவி ஒன்றை அவர் பயன்படுத்தியிருக்கிறார், அது ஒரு காரணம் என்று கருதுவோர் உண்டு. இரண்டு நாள் ஓய்வு எடுத்தும் வலி போகவில்லை என்றால் எலும்பு மூட்டு மருத்துவரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நாம் ஏன் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். முதல் நாளே 'இந்த வாத்தியம் சரிவராது' என்றால் அந்தக் குடும்பம் வேறு வகுப்புக்குப் போய்விடும், வீட்டு வாடகை கொடுக்க வேண்டும். நானும் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். 2020 ஊரடங்கில் யார் என்ன வைத்திருந்தாலும் சேர்த்துக்கொண்டேன். மறுவருடம் அதில் நான்கு பேர் நேரில் வந்தபோது தட்டையாகப் படுத்துவிட்ட அவர்கள் விரல்களை எழுப்ப எட்டு மாதம் ஆனது. ஒரு பெண் பாதியில் விட்டுவிட்டாள். நல்ல காது அவளுக்கு. அதற்கு நான்தான் பொறுப்பு. தேர்வு, கிரேடு எல்லாம் அப்புறம், முதல் வகுப்பில் வாத்தியத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

பணம் இல்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்காகக் கடன் வாங்கவும் வேண்டாம். முதல் மூன்று நான்கு மாதம் சாதாரண கீபோர்டை ஸ்டாண்டில் சரியான உயரத்தில் வைத்துச் சமாளிக்கலாம், அதற்குள் குழந்தைக்கு ஆர்வம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பக்கத்தில் பழைய டிஜிட்டல் பியானோ கிடைக்குமா பாருங்கள். புதுவைக்குள் இருப்பவர்கள் மதிய நேரம் என் வீட்டுக்கு வந்து என் பியானோவில் சாதகம் செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. இருக்கிற டிஜிட்டல் பியானோவையும் பத்திரமாக வையுங்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது என் மாணவர் ஒருவர் வீட்டில் தரையில் கிடந்த அடாப்டரும் பெடலும் முழுகிப் போயின. ஐப்பசி பிறந்ததும் எல்லாவற்றையும் மேலே தூக்கிவிடுங்கள்.

மஞ்சக்குப்பத்துப் பையனின் தேர்வைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு அன்று கோபம். நேற்று போன் செய்து, எந்த வார்த்தை போட்டிருக்க வேண்டும் என்று சொன்னீர்கள், திரும்பச் சொல்லுங்கள் எழுதிக்கொள்கிறேன் என்றார்.

என்னிடம் சேர விரும்புகிறவர்கள், வேறு யாரிடம் சேருகிறவர்களும்தான், வகுப்பு நேரத்தையும் கட்டணத்தையும் கேட்கும் முன் ஒரு படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். குழந்தை தினமும் வாசிக்கும் இடத்தில், தினமும் உட்காரும் விதத்தில், பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு படம். கட்டில் மேல் இருந்தால் கட்டில் மேலேயே எடுங்கள், படத்துக்காக எதையும் ஒழுங்குபடுத்த வேண்டாம்.