டெத் வேலியில் வெப்பம் வெளியேறும் வழிகள்

உலக வானிலை அமைப்பு இன்றும் ஏற்றுக்கொள்ளும் மிக உயர்ந்த காற்று வெப்பநிலை 56.7 டிகிரி செல்சியஸ். 1913 ஜூலை 10 அன்று, கலிபோர்னியாவின் டெத் வேலியில் ஃபர்னஸ் க்ரீக்கில் பதிவானது. 1972-ல் அங்கே தரையின் சூடு மட்டும் 94 டிகிரியைத் தொட்டது.

வெயில் மட்டுமே காரணமல்ல. பள்ளத்தாக்கின் அடித்தளமான பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. மேற்கே டெலஸ்கோப் சிகரம் 3,368 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. பசிபிக் காற்று வழியிலுள்ள மலைத்தொடர்களிலேயே ஈரத்தை இழந்துவிடுகிறது. வறண்ட காற்று கீழிறங்கும்போது அழுத்தம் கூடி, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் சூடேறும். தரையில் காய்ந்து மேலெழும் காற்றும் மலைகளைத் தாண்ட முடியாமல் திரும்ப இறங்கி மேலும் சூடாகிறது.

இதில் முதலில் திணறுவது கார். பள்ளத்தாக்கிலுள்ள ஸ்டோவ்பைப் வெல்ஸ் என்ற சிற்றூர் ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து 30 கிலோமீட்டருக்குள் டவுன் கணவாய்க்கு 1,500 மீட்டர் ஏற வேண்டும். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், எஞ்சினின் சூட்டைச் சுமந்துவரும் திரவமான கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 100 டிகிரி, காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 75. காற்று 50 டிகிரியானால் வித்தியாசமும் 50தான்; குளிர்விக்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. போதாததற்கு, ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் அமர்ந்து அந்தச் சூட்டையும் ரேடியேட்டர்மேல் சேர்க்கிறது.

ஆகவே காரின் எஞ்சின் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை நிறுத்திவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். வேதனைதான், ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கவே கூடாது. உள்ளிருக்கும் அழுத்தம்தான் கூலன்ட் கொதிக்காமல் பிடித்து வைத்திருக்கிறது; மூடியைத் திறந்த கணமே கொதித்து முகத்தில் பீறிடும். நன்றாக ஆறும்வரை காத்திருங்கள்.

டயர் விஷயத்தில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சூட்டில் அழுத்தம் கூடுகிறதென்று காற்றை இறக்கிவிடுகிறார்கள். காற்று குறைந்த டயர் அதிகம் வளைந்து நெளிந்து தானே சூடாகி வெடிக்கும். காலையில் கிளம்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புவதே சரி.

உடலுக்கு நெருக்கடி இன்னும் அதிகம். தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்று அதைத் தாண்டிவிட்டால், வீசும் காற்றே உடலுக்குள் சூட்டை ஏற்றும். மிஞ்சும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் போகும். இந்த வறட்சியில் வியர்வை சுரந்ததுமே மறைவதால் தோல் உலர்ந்தே இருக்கும், "வேர்க்கவே இல்லை" என்று தோன்றும். நடந்தால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் இழக்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். உப்பில்லாமல் வெறும் தண்ணீரையே குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். உப்புத் தின்பண்டமும் கையிலிருக்கட்டும். கோடையில் தாழ்வான பகுதிகளில் காலை 10 மணிக்கு மேல் நடைபயணம் வேண்டாம் என்கிறது டெத் வேலி தேசியப் பூங்கா நிர்வாகம்.

வெளிநாட்டிலிருந்து செல்பவர்கள் கவனிக்க: அங்கே வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில்தான் காட்டப்படும், 120 என்றால் 49 டிகிரி செல்சியஸ். தூரம் மைலில். பூங்காவின் பெரும்பகுதியில் கைபேசி அலைவரிசை கிடையாது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். அது காட்டும் குறுக்கு மண்பாதையை மட்டும் நம்ப வேண்டாம். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பல, மண்பாதையில் ஓட்டவே தடை விதிக்கின்றன. கார் நின்றுபோனால் அதை விட்டு நடக்காதீர்கள். பானெட்டைத் திறந்து வைத்து, காரின் நிழலில் தரையில் எதையாவது விரித்து உட்காருங்கள். கடும் சூட்டில் காற்று அடர்த்தி இழப்பதால் மீட்பு ஹெலிகாப்டரால் மேலெழ முடியாமல் போகலாம். உதவி சாலை வழியாகத்தான் வரும், சாலையோரம் நிற்கும் காரைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.