ஈயக்குண்டுக்கு எந்த வெடிமருந்து?

அமெரிக்காவில் ரைஃபிள் குண்டுகளை வீட்டிலேயே ஈயத்தில் வார்த்து, ஒருமுறை சுட்ட பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிச் சுடுபவர்கள் நிறைய உண்டு. அவர்கள் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது துப்பாக்கியின் பலத்தை அல்ல, குண்டின் பலத்தை.

30-06 என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. செம்பு உறை போட்ட குண்டு அதைத் தாங்கும். சுத்த ஈயத்தின் கடினமோ, உலோகக் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் 5தான். ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5 என்று கலந்தால் 15 ஆகும். பழைய அச்சகங்களின் லைனோடைப் உலோகம் 22 வரும். இந்த எண்ணை 1,422-ஆல் பெருக்கினால் குண்டு நசுங்கத் தொடங்கும் அழுத்தம் தோராயமாகக் கிடைக்கும். 15-க்கு அது 21,330 பவுண்டு. இது வழிகாட்டிதான், சட்டம் இல்லை. அதற்காகக் கடினத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் தப்பு. அழுத்தம் குறைந்த சுடுதலில் கடினமான குண்டு விரிந்து குழலை அடைக்காது. இடுக்கில் பாயும் சூடான வாயு ஈயத்தை அரித்துவிடும். குழலின் உட்சுவர்ப் பள்ளங்களில் அளந்த விட்டம் 0.308 அங்குலம் என்றால் குண்டு 0.309 அல்லது 0.310 இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

இனி மருந்து. புகையற்ற மருந்து வெடிப்பதில்லை, ஒவ்வொரு மருந்து மணியின் மேற்பரப்பிலிருந்தும் உள்நோக்கி எரிகிறது. அழுத்தம் கூடக் கூட எரிவேகமும் கூடும். மணியின் அளவு, நடுத்துளை, எரிவதைத் தணிக்க மேலே பூசிய பூச்சு ஆகியவைதான் ஒரு மருந்தை வேகமானதாகவோ மெதுவானதாகவோ ஆக்குகின்றன. மிக மெதுவான மருந்தைக் குறைவாகப் போட்டால் போதிய அழுத்தம் எழாது. பாதி எரிந்த மணிகள் குழலில் கிடக்கும், குண்டின் வேகம் ஒவ்வொரு முறை சுடும்போதும் மாறும்.

வேகமான கைத்துப்பாக்கி மருந்துகள் வினாடிக்கு 1,400 அடி போன்ற மென்மையான சுடுதலுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் அதற்கு வேண்டிய மருந்து 30-06 கூட்டில் பாதியைக்கூட நிரப்பாது. தவறி இருமுறை ஊற்றினாலும் வழியாது, கண்ணில் படாது, துப்பாக்கியே சிதறலாம். எல்லாக் கூடுகளையும் தட்டில் நிறுத்தி, டார்ச் அடித்து, மருந்து மட்டத்தை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே குண்டைச் செருக வேண்டும். பருமன் அதிகமுள்ள அக்யூரேட் 5744 என்ற மருந்து இங்கே பாதுகாப்பான தேர்வு என்பேன். அவற்றைவிட இடத்தை அதிகம் அடைக்கும். 1,800 அடியைத் தாண்ட வேண்டுமானால், அடியில் செம்புக் கிண்ணம் மாட்டிய குண்டும் எச்4895 போன்ற நடுத்தர வேக மருந்தும் பொருந்தும். அழுத்தம் மெல்ல ஏறுவதால் குண்டின் அடிப்பாகம் சிதையாது.

அளவை மருந்துத் தயாரிப்பாளரின் கையேட்டில் ஈயக்குண்டுக்கென்றே கொடுத்த அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும். உறைக்குண்டுக்கான அளவைக் கண்மதிப்பில் குறைப்பது ஆபத்து: மெதுவான மருந்தைப் பெரிதும் குறைத்தபோது அழுத்தம் திடீரென எகிறிய நிகழ்வுகள் உண்டு.

சுட்டபின் குழலைத் துடைத்துப் பாருங்கள். தோட்டா உட்காரும் அறைப்பக்கத்தில் சாம்பல் நிற ஈயக்கோடு இருந்தால் குண்டு ஒல்லி, அல்லது மருந்து வேகமானது. முனைப்பக்கத்தில் மட்டும் இருந்தால், குண்டில் பூசிய மசகு வழியிலேயே தீர்ந்துவிட்டது.